பிளாஸ்டிக் வாங்காமல் ஏழு நாள் வாழ்வது எப்படி?

முதலில் நல்ல வாரமாக ஒன்றைப் பாருங்கள். முகூர்த்த நாள் இருக்கக் கூடாது. தாம்பூலப் பைக்குள் என்னென்ன வந்து சேரும் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் ஆகவே ஆகாது. நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டால் போதாது, அதன் மேல் கண்ணாடித் தாளும் வேண்டும் என்பார்கள். காய்ச்சல், விருந்தாளி, ஆடித் தள்ளுபடி, அடைமழை எதுவும் குறுக்கே வரக் கூடாது. காலண்டரை டிசம்பர் வரை புரட்டி, அப்படி ஒரு வாரமே இல்லை என்று தெரிந்ததும், வருகிற திங்கட்கிழமை தொடங்கப்போவதாக அறிவித்துவிடுங்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது, கையில் டம்ளரோடு, கொஞ்சம் உரக்கவே அறிவித்தேன். அம்மா, "சரிடா, மோர் ஊத்திக்கோ" என்றாள். எட்டாவது படிக்கிற பையன், "அப்போ என் வாட்டர் பாட்டில்?" என்றான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள்.

சட்டப்படி பார்த்தால் இந்த விரதமே தேவையில்லை. 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்தாகிவிட்டது. எந்த அளவு, எந்தத் தடிமனாக இருந்தாலும் கேரி பேக் கூடாது. தெர்மாகோல் தட்டு, ஸ்ட்ரா, தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், பிளாஸ்டிக் கொடிகூடக் கூடாது. ஆக, நாம் எல்லோரும் இத்தனை வருடமாக விரதத்தில்தான் இருக்கிறோம். நமக்குத்தான் தெரியவில்லை. எங்கள் மேற்கு மாம்பலத்து அண்ணாச்சிக்குத் தெரியும். அதனால்தான் கவரை மேசை மேல் வைக்காமல் கீழே வைத்திருக்கிறார். குனிந்து, தெருவை இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்து, கறுப்புக் கவரை உருவி எடுக்கிற அந்த லாவகத்தைப் பார்த்தால், அதற்குள் போகப் போவது அரைக் கிலோ கத்தரிக்காய் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

வினைச்சொல்லைக் கவனிக்க

வாரத்தைத் தீர்மானித்த பிறகு, 'வாங்காமல்' என்ற சொல்லை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் காசு கொடுத்துப் பெறுவதும் வாங்குவதுதான், சும்மா கொடுப்பதைக் கை நீட்டிப் பெறுவதும் வாங்குவதுதான். விரதத்தை எடுத்தபோது என் மனத்தில் இருந்தது முதல் வகை. ஆனால் நம் வீட்டுக்குள் வரும் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு யாரும் விலை கேட்டு வாங்கியதல்ல. கத்தரிக்காய் வாங்கினால் கூடவே வருகிறது, சட்டை வாங்கினால் கூடவே வருகிறது; மாப்பிள்ளை வீட்டோடு வரும் மாமா மாதிரி. அவரை யாரும் அழைக்கவில்லை, ஆனால் இலை போட்டாக வேண்டும்.

எனவே நான் இரண்டு வகையும் கூடாது என்று முடிவு செய்தேன். இந்த ஒரு முடிவால் அந்த வாரத்தில் நான் மேற்கொண்டு வாங்கியவை: அம்மாவிடம் பேச்சு, அண்ணாச்சியிடம் ஒரு பார்வை, மூன்றாம் மாடிக்குப் பித்தளைத் தவலையோடு ஏறியதில் மூச்சு.

தயாரிப்பு

தொடக்கக்காரர்கள் எல்லோரும் முதலில் செய்வது, பிளாஸ்டிக் இல்லாமல் வாழ்வதற்கான பொருள்களை ஆன்லைனில் வாங்குவது. மூங்கில் டூத் பிரஷ், எவர்சில்வர் ஸ்ட்ரா, தேங்காய் நார் ஸ்கிரப்பர். நானும் நான்கு பிரஷ் ஆர்டர் செய்தேன். குமிழ்த் தாளில் சுற்றி, அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே பிளாஸ்டிக் டேப் ஒட்டி வந்தது. குமிழ்களைப் பையன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உடைத்தான். அந்த வாரத்தில் என் கொள்கையால் அவன் அடைந்த ஒரே மகிழ்ச்சி அது.

பிரஷ்ஷின் கைப்பிடிதான் மூங்கில். முடி நைலான். 1938-ல் நைலான் முடி வருவதற்கு முன்னால் மேல்நாட்டு பிரஷ்களில் என்ன இருந்தது என்று தேடிப் பார்த்து, பன்றி முடி என்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அம்மா எழுந்து போய்விட்டாள். அடுத்த நாள் காலையில் கொல்லையில்லாத எங்கள் அடுக்குமாடி வீட்டில் அவளுக்கு வேப்பங்குச்சி கிடைத்திருந்தது. பக்கத்துப் பிள்ளையார் கோயில் மரத்தில் யார் ஏறினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

பைக்கு அலைய வேண்டாம். பரணில் இருக்கிறது. 'மணமக்கள்' என்று தலைப்பிட்டு, மூக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத பெயர்களோடு, பத்துப் பன்னிரண்டு மஞ்சப்பை எந்த வீட்டுப் பரணிலும் உண்டு. ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு எழும்பூரில் இறங்கினால் ஆட்டோக்காரர் மீட்டரையே பார்க்க மாட்டார். பட்டிக்காட்டான் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை. சினிமாவில் நகைச்சுவைக்கு அது ஒன்றே போதும். 2021 டிசம்பர் 23 அன்று அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது. நாம் வெட்கப்பட்டு ஒளித்து வைத்ததை இயந்திரம் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம்.

துணிக்கடைகள் கொடுக்கும் பைகளிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். தொட்டால் துணி மாதிரியே இருக்கும், பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளி அழுத்தியிருக்கும். நான்-ஓவன் என்று பெயர். அது பாலிப்ரொப்பிலீன், சுத்தமான பிளாஸ்டிக்; தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டி இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பிளாஸ்டிக் என்றால் சுருங்கி, உருகி, முனையில் கெட்டியான மணியாக நிற்கும்.

இந்தச் சோதனை சுவாரசியமானது, ஒன்றோடு நிறுத்த மனம் வராது. நான் சட்டை நூல் ஒன்றை எடுத்துக் காட்டினேன்: மணி. திரைச்சீலை: மணி. தலையணைப் பஞ்சு: மணி. மனைவியின் 'சில்க்' புடவை ஓரத்து நூலை எடுத்தபோது, அந்தப் புடவையைக் கல்யாண நாளுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான் என்பது நினைவுக்கு வந்தது. நூலைத் திரும்பப் புடவை மேலேயே வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதும் ஒரு படிதான்.

பால்

விடிந்ததும் வருவது பால். பச்சை, நீலம், ஆரஞ்சு, எந்த நிறமானாலும் உறை பாலித்தீன். 2018 அறிவிப்பிலேயே பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். அரசாங்கமே ஒதுங்கி நின்ற இடத்தில் நான் தலையைக் கொடுத்தேன்.

மாம்பலத்துக் குறுக்குச் சந்துகளில் இன்னும் மாடு வைத்திருப்பவர்கள் உண்டு. ஒருவரைப் பிடித்தேன். காலை ஐந்தே காலுக்குப் பாத்திரத்தோடு வரச் சொன்னார். நீங்களும் போங்கள், மாடு கட்டிய இடத்தில் நின்று பொழுது விடிவதைப் பார்ப்பது நல்ல அனுபவம். இரண்டாம் நாளும் நல்ல அனுபவம்தான். மூன்றாம் நாள் நான் எழுந்திருக்கவில்லை. மாடும் பாலை நிறுத்தி வைக்கவில்லை. அன்றைக்குக் காப்பி வேண்டும் என்றால் இரண்டு பாக்கெட் வேண்டும். பாக்கெட்டைப் பையனை வாங்கி வரச் சொல்லலாம். விரதம் எடுத்தவன் நான்தானே, அவன் இல்லையே. இப்படிப்பட்ட நுட்பங்களைக் கண்டுபிடிப்பவர்கள்தான் ஏழு நாளையும் தாண்டுகிறார்கள்.

பாக்கெட் என்றதும் அம்மாவைச் சொல்ல வேண்டும். அம்மா மன்னார்குடிப் பக்கம். வருடத்தில் நான்கு மாதம் எங்களோடு. பால் பாக்கெட்டைக் கத்தரித்ததும் அலசி, துணிக் கொடியில் கிளிப் போட்டுக் காய வைப்பாள். அந்தக் கிளிப்பும் பிளாஸ்டிக், அதுவும் 1990-களில் வாங்கியது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெரிய கவர் தொங்கும். அதற்குள் மடித்த கவர்கள். உங்கள் வீட்டிலும் தொங்கும், போய்ப் பாருங்கள். கவர் வைக்கும் கவர். நான் விரதத்தின் பெயரால் அதை எடுத்து வெளியே போடப் போனேன். அன்று வாங்கியதுதான் மேலே சொன்ன பேச்சு.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1933-ல் இங்கிலாந்தில் நார்த்விச் என்ற ஊரில் ஒரு சோதனை பிசகி, பாத்திரத்தின் அடியில் வெள்ளை மெழுகு போல மிஞ்சியதுதான் பாலித்தீன். போரின்போது ராடார் கம்பிகளுக்கு உறையாகப் போய் வந்தது. இன்றைய கைப்பிடி வைத்த பையைச் செய்தவர் ஸ்டென் குஸ்டாஃப் தூலின் என்ற ஸ்வீடன்காரர்; 1965-ல் காப்புரிமை. காகிதப் பைக்காக மரம் வெட்டுகிறார்களே என்றுதான் அப்பா இதைச் செய்தார், ஒரு பையை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார் என்று அவருடைய மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கண்டுபிடித்தவரின் உள்ளக்கிடக்கையை அறிந்து நடப்பவர் உலகத்தில் யாராவது உண்டென்றால், அது கதவுக்குப் பின்னால் கவர் சேர்க்கும் என் அம்மா. காய்கறிக்கு அவள் எடுத்துப்போகும் வயர் கூடையும் பிளாஸ்டிக்தான். சிவப்பும் வெள்ளையுமாக அவளே பின்னியது. என் சம்பாத்தியத்துக்கு முன்னாலேயே அது வீட்டில் இருக்கிறது. அடியில் ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

அண்ணாச்சி கடையில்

துவரம் பருப்பு, உளுந்து, மிளகாய் மூன்றுக்கும் மூன்று மஞ்சப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனேன். அண்ணாச்சி அரைக் கிலோ பருப்புப் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். "லூஸா வேணும் அண்ணாச்சி" என்றேன். கடையில் நின்ற ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், மூட்டை உள்ள கெடக்கு. எடுத்து, தராசுல போட்டு, பொட்டலம் மடிக்க ஆளு வேணும்லா? முன்ன ரெண்டு பையங்க நின்னாங்க, ஊருக்குப் போய்ட்டாங்க. மத்தியானம் மூணு மணிக்கு வாங்க, கூட்டம் இருக்காது, போட்டுத் தாரேன்."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது பெரிய விஷயம். பாக்கெட் வந்தது காகிதத்துக்குப் பதிலாக இல்லை, அந்த இரண்டு பையன்களுக்குப் பதிலாக. கூரையிலிருந்து தொங்கும் நூல் கண்டிலிருந்து ஒரு இழுப்பு இழுத்து, கூம்பு மாதிரி மடித்த தினசரித் தாளைச் சுற்றிக் கட்டி, பல்லால் கடிக்காமல் விரலாலேயே நூலை அறுப்பார்களே, அந்தக் கை இப்போது எந்த ஊரில் என்ன வேலை செய்கிறதோ.

ஆக, இந்த விரதத்துக்கு மூன்று மணிக்கு ஓய்வாக இருக்கும் ஒருவர் தேவை. எனக்கு அலுவலகம். மனைவிக்கும் வேலை உண்டு, வீட்டிலிருந்தே. மூன்று மணிக்கு அவளுக்கு ஒரு மீட்டிங் இருப்பதாகச் சொன்னாள். அதை மூன்றரைக்குத் தள்ளி வைத்தாள். பருப்பு வந்தது.

தூக்குவாளி

வெளியில் சாப்பாடு வாங்குவது எப்படி என்பதுதான் என்னிடம் எல்லோரும் கேட்பது. அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

புதன்கிழமை மனைவிக்கு வேலை நெருக்கடி. ராத்திரி டிபனை நான் ஹோட்டலிலிருந்து வாங்கி வருகிறேன் என்று பெருந்தன்மையோடு சொன்னேன். அம்மாவின் தூக்குவாளியை எடுத்துக்கொண்டேன். எவர்சில்வர், மூடி இறுக்கமாக உட்காரும், வாளியிலும் மூடியிலும் அப்பாவின் தலைப்பெழுத்தும் பெயரும் வெட்டியிருக்கும். கூடவே இரண்டு அடுக்கு டிபன் கேரியர்.

தெருவில் தூக்குவாளியோடு போகும்போது நடையைக் கவனியுங்கள். வேகமாகப் போனால் யாருக்கோ உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி போகிறது என்று நினைப்பார்கள். மூன்று பேர் என்னிடம் யாருக்கு என்ன என்று கேட்டார்கள். ஒருவர் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கூடவே வந்துவிடுவார் போலிருந்தது.

ஹோட்டலில் டோக்கன் வாங்கிக்கொண்டு பார்சல் மேடைக்குப் போனேன். மேடைக்குப் பின்னால் சாம்பார் கவர்கள் ஏற்கெனவே கட்டி, தொட்டியில் அடுக்கியிருந்தன. அந்தத் தம்பி கட்டுவதை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். கவரின் கழுத்தை இடது கையில் பிடித்து, கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு, சரக்கென்று ஒரு சுழற்று. நூல் நாலு சுற்று. முடிச்சு என்று ஒன்று போட்ட மாதிரியே தெரியாது. வீட்டில் அதை அவிழ்த்தவர்கள் இதுவரை இல்லை. கத்தி முனையால் குத்தித்தான் பழக்கம், முதல் துளி சட்டையில்தான்.

"தம்பி, சாம்பார் சட்னி எல்லாம் இதுல ஊத்திடுங்க. பிளாஸ்டிக் வேணாம்" என்று வாளியை நீட்டினேன்.

"தாராளமா சார்" என்றார். தொட்டியிலிருந்து நான்கு சாம்பார் கவர்களை எடுத்தார். ஒவ்வொன்றாகக் கத்தரித்தார். நான்கையும் என் வாளியில் ஊற்றினார். கவர்களைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். சட்னிக்கும் அப்படியே. பிறகு மூடியைத் துடைத்து வைத்து, "எங்க தாத்தா இப்படித்தான் சார் வாங்கிட்டுப் போவாரு. நல்ல விஷயம்" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் சொல்வதென்றால், கவர் கட்டுவதற்கு முன்னால், அதாவது மாலை ஐந்து மணிக்கே போங்கள். சாம்பார் அப்போது கொதித்துக்கொண்டிருக்கும். டிபன் ஏழரைக்கு.

இட்லியை வாழை இலையில் வைத்துக் கட்டச் சொன்னேன். பச்சையாக, நரம்போடு, பளபளவென்று இலை வந்தது. இலை என்று நம்பும் முன் நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்க்கவும். கீறு விழவில்லை. இலையை அப்படியே அச்சடித்த தாள், மேலே பிளாஸ்டிக் பூச்சு. வாழை இலைக்குப் பேர் போன ஊரில் ஒருவர் உட்கார்ந்து அந்த நரம்புகளை வரைந்திருக்கிறார்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, நடந்ததைப் பெருமையாகவே சொன்னேன். குப்பைக் கூடைச் சமாசாரத்தை விட்டுவிட்டேன்.

கழுவுதல்

இந்த வழிகாட்டியின் முதல் கைப்பிரதியில், 'பாத்திரங்கள் முந்தின இரவே கழுவித் துடைத்துத் தயாராக வைக்கப்பட்டிருக்க வேண்டும்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. படித்துப் பார்த்த மனைவி, ஓரத்தில் சிவப்புப் பேனாவால் 'யாரால்?' என்று எழுதியிருந்தாள்.

செயப்பாட்டு வினையின் அருமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வழிகாட்டி நூல்கள் எல்லாமே இதில்தான் ஓடுகின்றன. துணிப்பைகள் துவைக்கப்படும். சீயக்காய் அரைக்கப்படும். தயிர் உறை ஊற்றப்படும். குப்பைக் கூடைக்குச் செய்தித்தாள் மடித்துப் போடப்படும். எழுவாய் எங்கேயும் இல்லை. அவள் உள்ளே அடுப்படியில் இருக்கிறாள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா வியாழக்கிழமை தொட்டியைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்ல விசேஷமா?" என்று கேட்டார்களாம்.

"நீங்க வாங்காம இருந்தீங்க. நாங்க ரெண்டு பேரும் கழுவிட்டே இருந்தோம்" என்றாள் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை, கணக்கு சொல்வது மாதிரி சொன்னாள். அன்று ராத்திரிப் பாத்திரங்களை நான் கழுவினேன். தூக்குவாளியின் கழுத்து வளைவில் சாம்பார்க் கடுகு போய் உட்கார்ந்துகொள்ளும். அதை எடுக்க ஒரு பழைய டூத் பிரஷ் நல்ல கருவி. மூங்கில் பிரஷ் வேண்டாம், முடி உதிர்கிறது.

தலைக்குக் குளிப்பது

வெள்ளிக்கிழமை. ஷாம்பு சாஷே கூடாது என்று நான் சொல்வதற்கு முன், அந்தச் சாஷேயின் ஊர்க்கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டில் ஷாம்பு வாங்க முடியாதவர்களும் ஒரு வேளைக்கு வாங்கட்டும் என்று சின்ன உறையில் அடைத்து விற்ற முன்னோடி, நம் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தொடங்கிய தொழிலிலிருந்துதான் சிக் ஷாம்பு கிராமம் கிராமமாகப் போனது. பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்குகிறதே, அதற்கு வேர் இங்கேதான். பிளாஸ்டிக்கும் உலோகத் தாளும் பல அடுக்காக ஒட்டிய அந்த உறையைப் பிரித்து மறுசுழற்சி செய்வது பெரும்பாடு. பழைய பேப்பர்க்காரர் தொடக்கூட மாட்டார். ஆனால் ஒரு ரூபாய் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு அது ஷாம்புவைக் கொண்டுவந்து கொடுத்தது என்பதும் உண்மை. பாட்டில் வாங்கக் காசுள்ள நான் அவளுக்கு உபதேசம் செய்யும் இடத்தில் இல்லை.

எனக்குச் சீயக்காய் போதும் என்றேன். கண்ணில் விழுந்தது. இந்தப் பத்தி இத்துடன் முடிகிறது.

சில்லறைச் சந்தேகங்கள்

தண்ணீர் கேன்? இருபது லிட்டர் கேன் திரும்பிப் போய்விடுகிறது, தண்ணீரை மட்டும்தான் வாங்குகிறோம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மேல்முறையீடு வரவில்லை.

டீ? கடையில் நின்று கண்ணாடிக் கிளாஸில் குடியுங்கள். காகிதக் கப்பின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. அதனால்தான் அது ஒழுகாமல் இருக்கிறது.

மாத்திரை? விரதம் உடம்புக்கு அப்புறம்தான். கேள்வியே வேண்டாம்.

காலி பாட்டில்? இதில் நமக்கு வழிகாட்டிகள் குடிமகன்கள். 2022-ல் நீலகிரியில் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திருப்பித் தருவது என்று ஆரம்பித்தார்கள். காட்டுக்குள் யானைக் காலில் குத்திக்கொண்டிருந்த பாட்டில், தள்ளாடியபடியே கடைக்குத் திரும்பி வந்தது. அது கண்ணாடிதான், பிளாஸ்டிக் இல்லை. ஆனால் சாம்பார் கவருக்கும் யாராவது பத்து ரூபாய் வைத்தால், எங்கள் அம்மா கதவுக்குப் பின்னாலேயே ஒரு கிளை திறந்துவிடுவாள்.

ஏழாம் நாள்

ஞாயிற்றுக்கிழமை மீன். வாரம் முழுக்க எனக்கு யாராவது ஒரு நியாயம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் டிபன் கேரியர் அடுக்கை நீட்டியபோது அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. சங்கராவைச் செதில் தேய்த்து, துண்டு போட்டு, நேராக அதில் போட்டு, "கவர் மிச்சம்" என்றார்கள். மிச்சத்தை விலையில் குறைக்கவில்லை. ஏழு நாளில் சிக்கலே இல்லாமல் விதிப்படி நடந்த ஒரே கொள்முதல் அது. அந்த அடுக்கில் இனி ஒரு மாதத்துக்குத் தயிர்சாதம் கொண்டுபோக முடியாது என்பதைத் தவிர வேறு குறையில்லை.

ராத்திரி கணக்குப் பார்த்தோம். பால் பாக்கெட் பத்து, பையன் பெயரில். பிரஷ் வந்த உறை ஒன்று, அதற்குள் குமிழ்த் தாள். எண்ணெய்ப் பாக்கெட் ஒன்று. மனைவி எனக்குத் தெரியாமல் வாங்கிய சாஷே இரண்டு, நான் அவளுக்குத் தெரியாமல் வாங்கியது ஒன்று. போன வருடத்தின் ஏதோ ஒரு வாரத்தோடு ஒப்பிட்டால் குப்பைக் கூடையில் பாதிகூட நிறையவில்லை. அது பொய்யில்லை. அடுத்த வாரமும் செய்யலாமா என்று கேட்டேன். செய்யலாம், ஆனால் அண்ணாச்சி கடைக்கு மூன்று மணிக்கு யார் போவது, பாத்திரம் யார் கழுவுவது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றாள் மனைவி. எழுவாயோடு எழுத வேண்டுமாம். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் ஒரு வேண்டுகோள். புதன்கிழமை ராத்திரி வாளி வந்தது. மூடி எங்கே என்று மூன்று நாளாகத் தேடுகிறோம். ஹோட்டலில் இல்லை என்கிறார்கள். எவர்சில்வர், ஓரத்தில் சின்ன நசுங்கல், நடுவில் பெயர் வெட்டியிருக்கும். அது கிடைக்காமல் ஊருக்குக் கிளம்ப மாட்டேன் என்கிறாள் அம்மா. மேற்கு மாம்பலம் பக்கம் யார் கண்ணிலாவது பட்டால் அண்ணாச்சி கடையில் கொடுத்துவிடுங்கள். கவரில் போட வேண்டாம், அப்படியே கொடுங்கள்.